விறகுக் கடையில் ஃபேஷியல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகையில் எழுதும் அளவுக்கு நான் படித்தவள் இல்லை. பத்தாவதோடு சரி. நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது. பிளவுஸுக்கு அளவெடுக்கும்போதுகூட வந்தவர் முகத்தைப் பார்க்காமல் டேப்பைத்தான் பார்ப்பேன். ஆனாலும் இந்த மனிதரைப் பற்றி யாராவது எழுதியே ஆக வேண்டும். எங்கள் கடை வரிசையில் எழுதுகிற ஆள் வேறு யாரும் இல்லாததால் நான் துணிந்துவிட்டேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவரையே நெய்வேலியில் தொலைந்துபோக வைக்கக்கூடிய மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் ஒரிஜினல்தான். அவரிடம் வழி கேட்டால் போதும்.

ஒருமுறை பண்ருட்டியிலிருந்து சம்பந்தி வீட்டுக்குப் பலாப்பழம் சுமந்து வந்த ஒருவர், ஏடிஎம் எங்கே என்று அவரிடம் கேட்டுவிட்டார்.

“நேரா போங்க. தபால் பெட்டி வரும். அதத் தாண்டி அரிசி குடோன். அதுக்குப் பக்கத்துல பாட்டு கேசட் கடை. எதிர்த்தாப்புலயே இருக்கு.”

அரிசி குடோன் ஜிம் ஆகிப் பல காலம் ஆகிறது. கேசட் கடையில் பல் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். தபால் பெட்டி என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. தோளில் பலாப்பழத்தோடு கடைத்தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, முள் குத்திய கழுத்தைத் தடவிக்கொண்டே அந்த மனிதர் திரும்பி வந்தார்.

“ஏங்க, அங்க அரிசி குடோனே இல்லீங்களே!”

“இருந்துச்சுங்க.”

“எப்போ?”

“நீங்க கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும்” என்றார் ஒரிஜினல், வருத்தத்தோடு.

அவர் உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும், “இது ஒரிஜினலா என்ன தெரியுமா?” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். அதனால் வந்த பெயர். தென்மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். அவர் மட்டும் வேலைக்குப் போகாமல் கடை போட்டுவிட்டார். டிபன் கேரியர், தண்ணீர் கேன், டார்ச் லைட், கேன்வாஸ் பை, இப்படி ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் கையில் எடுத்துப் போகிற சாமான்கள். எங்கள் வரிசையில் முதலில் எந்தத் தொழிலுக்குக் கடை திறந்ததோ அதே தொழிலை இன்றும் செய்பவர் அவர் ஒருவர்தான். அந்தப் பெருமையில் அவர் கொஞ்சம் நிமிர்ந்தே நடப்பார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டவுன்ஷிப் சுரங்கக் கம்பெனியுடையது, அதில் கடை நமக்குச் சொந்தமில்லை. ஒதுக்கிக் கொடுப்பார்கள். ஒதுக்கும்போதே இன்ன தொழிலுக்கு என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். எங்கள் வரிசை, டவுன்ஷிப் உண்டான காலத்துக் கட்டடம். தூண் வைத்த நீளமான வராந்தா, உயரமான கூரை, கயிற்றை இழுத்தால் திறக்கிற ஜன்னல்கள், வெயில் காலத்தில் கன்னத்தை ஒட்டிக்கொள்ளலாம் போலக் குளிர்ச்சியான தடித்த சுவர்கள். என் மாமனாருக்கு அதில் வாட்ச் ரிப்பேருக்கென்று ஒரு கடை கிடைத்தது. அவர் காலத்துக்குப் பிறகு வாட்சைத் திறக்கவே வீட்டில் ஆளில்லை. நான் தையல் மெஷினைக் கொண்டுவந்து போட்டேன். போர்டில் வாட்ச் ரிப்பேர், உள்ளே பிளவுஸ். பக்கத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த அறையில் செல்வம் ஃப்ரைட் ரைஸ் போடுகிறான். கோடியில் விறகுக் கடையாக இருந்த இடத்தில் கவிதா பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். போர்டுகளை மட்டும் யாரும் தொடவில்லை. பயம்தான். தொழில் மாறியது தெரிந்தால் கடை போய்விடும் என்று நாங்களே நினைத்துக்கொண்டிருந்தோம்.

என் கதையில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. இருக்கிற மாதம் இருக்கும், இல்லாத மாதம் இருக்காது. மகள் நர்சிங் படிக்கிறாள். அந்தக் கடைதான் எங்களைத் தூக்கி நிறுத்தியிருந்தது.

ஒரிஜினலுக்கோ நாங்கள் யாருமே நாங்கள் இல்லை. நான் “வாட்ச் கடை.” செல்வம் “டைப்ரைட்டிங் மாஸ்டர்.” கவிதா “விறகுக் கடை.” கல்யாணப் பெண்ணோடு வடலூரிலிருந்து வந்த ஓர் அம்மா, நல்ல பார்லர் எது என்று கேட்டதற்கு இவர் அக்கறையாகப் பதில் சொன்னார்.

“பொண்ண விறகுக் கடைக்குக் கூட்டிக்கினு போங்கம்மா. நல்லா பண்ணுவாங்க.”

அந்த அம்மா பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். கவிதா அன்று போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது.

“அண்ணே! உங்களுக்கு நான் என்னதான் பாவம் பண்ணேன்?”

“நல்லா பண்ணுவீங்கன்னுதானம்மா சொன்னேன்?”

செல்வம் கம்மாபுரம் பக்கத்து ஊர்ப் பையன். பையன் என்றால் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டச் சுவரில் ஓட்டை போடப் போனான். ஒரிஜினல் இரண்டு கையையும் விரித்துச் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டார்.

“டைப்ரைட்டிங் மாஸ்டருக்கு எதுக்குடா ஃபேன்?”

“யண்ணா, நான் எப்ப டைப்ரைட்டிங் மாஸ்டர் ஆனேன்?”

“இந்த ரூமுக்குள்ள கால வச்சப்பவே ஆயிட்ட.”

“பொகயில செத்துகினு இருக்கறேன்ணா. வூட்ல எம்புள்ளைக்கே என்ன அடையாளம் தெரியல.”

“மேல பாரு. கட்டுனவங்க யோசிக்காமலா கட்டுனாங்க?” என்று சொல்லி, மேல் ஜன்னலின் பழைய கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தார். கயிறு கையோடு வந்தது. அதன் பின்னால், டவுன்ஷிப் உண்டான காலத்திலிருந்து சேர்ந்திருந்த தூசி முழுவதும் ஒரு குருவிக் கூட்டோடு வாணலியில் இறங்கியது. “ஜன்னல் திறந்துடுச்சு பாத்தியா?” என்றார். திறந்துதான் இருந்தது.

எல்லாவற்றையும்விட ஆயுத பூஜை நாள்தான் பெரிய கூத்து. கடை மாறும்போதெல்லாம் வெளியே தூக்கிப் போட்ட சாமான்களை அவர் தம் பரணில் சேர்த்துவைத்திருந்தார். என் மாமனார் கடைச் சுவர்க்கடிகாரங்கள், விறகுக் கடைத் தராசு, டைப்ரைட்டிங் மெஷின், எல்லாம். பூஜையன்று காலையில் அவற்றைத் துடைத்து அவரவர் கடைக்குக் கொண்டுவந்து வைப்பார்.

“மெஷினுக்குப் பொட்டு வச்சிட்ட. சரி. கடை எதுக்குப் பொறந்துச்சோ அதுக்கு யார் வைக்கறது?”

நானும் கடிகாரத்துக்குச் சந்தனம் வைப்பேன். கவிதா ஹேர் டிரையருக்குப் பக்கத்தில் தராசை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சூடம் காட்டுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் போன வருஷம் ஒரு நாள் வராந்தாத் தூணில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை அதிகாரி வருவார், ஒவ்வொரு கடையிலும் நடக்கும் தொழிலை நேரில் பார்ப்பார். அவ்வளவுதான் அதில் இருந்தது. எங்களுக்கு அதற்குமேல் வேண்டியிருக்கவில்லை. இந்த வரிசையையே இடித்துவிட்டு காம்ப்ளெக்ஸ் கட்டப் போகிறார்கள், அதற்குத்தான் ஆளை வெளியேற்றக் காரணம் தேடுகிறார்கள் என்று ஜிம்மிலிருந்து ஒரு செய்தி கிளம்பியது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஒரிஜினல் மட்டும் தெளிவாக இருந்தார்.

“பயப்படாதீங்க. செவ்வாக்கிழமை ஒரு நாள் எல்லாரும் ஒரிஜினலா இருந்துட்டாப் போதும்.”

“அப்டின்னா?”

“நான் பாத்துக்கறேன்” என்றார். அவர் முகத்தில் கல்யாண வீட்டுக்காரரின் களை வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் பரண் காலியாயிற்று. என் மெஷினைத் திரைக்குப் பின்னால் தள்ளிப் புடவையைப் போர்த்தினோம். சுவர் முழுக்கக் கடிகாரம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டியது. செல்வத்தின் அடுப்பைப் பெஞ்சுக்கடியில் ஒளித்து, அவனுக்கு முழுக்கைச் சட்டை போட்டு, டைப்ரைட்டிங் மெஷின் முன்னால் உட்கார வைத்தார். கவிதா கடையில் கண்ணாடிகளுக்கு முன்னால் சவுக்குக் கட்டை அடுக்கித் தராசைத் தொங்கவிட்டார். அவளிடம் ஏற்கெனவே நேரம் சொல்லிவைத்திருந்த ஒரு டீச்சரம்மா முகமெல்லாம் வெள்ளைப் பசையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவரை எழுப்ப நேரமில்லை. ஏனென்றால் அதிகாரி அதற்குள் வந்துவிட்டார்.

ஸ்கூட்டரில் வந்த சின்னப் பெண். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, கையில் டேப்லெட்டோடு வராந்தாவில் ஏறினார். தூண்களைத் தட்டிப் பார்த்தார். ஒரிஜினல் இரண்டடி பின்னால், பெண்ணைப் பெற்றவர் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்.

முதலில் விறகுக் கடை.

“இங்க என்ன தொழில்?”

“விறகு மேடம்” என்றாள் கவிதா. அவள் புருவம் வில் மாதிரி இருந்தது.

“இவங்க?”

“விறகு வாங்க வந்திருக்காங்க.”

“மூஞ்சில என்ன?”

கவிதா ஒரிஜினலைப் பார்த்தாள். “மரத்தூளு மேடம்” என்றார் அவர். “சிலருக்கு ஒத்துக்காது.” டீச்சரம்மா பசை காய்ந்துவிட்டதால் வாயைத் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்து டைப்ரைட்டிங். அறை முழுக்கப் பூண்டு வாசனை. “என் பேர அடிச்சுக் காட்டுங்களேன்” என்றார் அதிகாரி. செல்வம் இரண்டு ஆள்காட்டி விரலாலும் கோழி கொத்துவது போல் கொத்தினான். தாளில் ஒன்றும் விழவில்லை.

“ரிப்பன் இல்லையே?”

“ஆரம்பத்துல இப்டித்தான் மேடம் சொல்லித் தரது” என்றார் ஒரிஜினல். “எழுத்து விழுந்தா தப்பு தெரிஞ்சி பசங்க பயந்துடுவாங்க.”

பிறகு என் கடை. நான் சுவரோடு சுவராக நின்றேன். அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டுத் தம் கையிலிருந்த வாட்சைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“இது நின்னு நின்னு ஓடுதுக்கா. கொஞ்சம் பாருங்களேன்.”

வாட்சை வாங்கிவிட்டேன். காதில் வைத்தேன். மாமனார் அப்படித்தான் செய்வார். என் நெஞ்சு அடித்துக்கொண்டதில் வாட்ச் ஓடுகிறதா இல்லையா என்று தெரியவில்லை. அப்போதுதான் அதிகாரி என் கழுத்தைப் பார்ப்பதைக் கவனித்தேன். அளவு டேப்பைக் கழற்ற மறந்து மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

“இது எதுக்கு?”

“செயினு” என்றார் ஒரிஜினல் பின்னாலிருந்து. “வாட்ச் செயினுக்கு அளவெடுக்க.”

அதிகாரி சிரிக்கவில்லை. வாட்சைத் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டார். டேப்லெட்டில் எதையோ தட்டினார். பிறகு எங்கள் எல்லாரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“நீங்க பயந்த மாதிரி இருந்துச்சு, அதனால சொல்றேன். இந்தக் கட்டடத்த இடிக்கப் போறதில்ல. செவுரெல்லாம் நல்லா இருக்கு. ரிப்பேர் பண்ணி இப்படியே வச்சுக்கப் போறோம். இப்ப யார் என்ன தொழில் பண்றாங்களோ அந்தத் தொழிலுக்கே கடைய மாத்திக் கொடுத்து, அதுக்கேத்த மாதிரி வயரிங், தண்ணி, பொகை போற வழி எல்லாம் போட்டுத் தரணும். அதுக்குத்தான் வந்தேன். ஆனா நீங்க எல்லாருமே பழைய தொழிலத்தான் பண்றீங்க. எனக்கு வேலை மிச்சம். இப்படியே அனுப்பிடறேன். அனுப்பிட்டா அப்புறம் மாத்த முடியாது, சரியா?”

இத்தனை வருஷம் எதற்குப் பயந்தோமோ அதை எடுத்துவிட வந்தவரிடம் நாங்களே பொய் சொல்லி, என்னை வாட்ச் ரிப்பேர்காரி என்று பதிய வைத்துவிட்டோம். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லலாம்தான். இப்போதுதான் முகத்துக்கு நேரே நடித்துக் காட்டியிருக்கிறோம். கோபம் வந்து அதற்கே கடையைப் பிடுங்கிவிட்டால்? செல்வம் தரையைப் பார்த்தான். கவிதா என்னைப் பார்த்தாள். நான் கழுத்திலிருந்த டேப்பைப் பார்த்தேன். அதிகாரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைத் திருப்பினார்.

நான் ஒரிஜினலைப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருந்தது நின்ற இடத்தில் கிடைத்துவிட்டது. விறகுக் கடை விறகுக் கடையாகவும், வாட்ச் கடை வாட்ச் கடையாகவும் அதிகாரி கையாலேயே மறுபடி ஆகிவிட்டது. இனி யாரும் மாற்ற முடியாது. அவர் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

அவர் போய் ஸ்கூட்டர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

“மேடம், ஒரு நிமிஷம். இது பூராவும் பொய்யிங்க. சொல்லிக் குடுத்தது நானு. சாமானும் என்னுது. இவங்க மேல ஒண்ணும் போட்டுடாதீங்க. இன்னொரு தரம் வாங்க, நான் காட்டறேன்.”

அதிகாரி ஹெல்மெட்டோடேயே திரும்பி வந்தார்.

கவிதா கடை வாசலில் ஒரிஜினல் நின்றார். “இது விற...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். பல் பிடுங்கிக்கொள்கிறவர் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார்.

“பியூட்டி பார்லருங்க. வடலூர், பண்ருட்டி எல்லாம் தாண்டிக் கல்யாணப் பொண்ணுங்க வருது. ரெண்டு பொண்ணுங்க இவங்ககிட்ட வேல பாக்குது. தண்ணி லைன் நல்லதா வேணும்.”

அடுத்த வாசல். “இது ஃப்ரைட் ரைஸ். நான் சாப்ட்டதில்ல. ஆனா செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற கான்ட்ராக்ட் பசங்களுக்கு இதான் சாப்பாடு. பொகை போக வழி வேணும். நான்தான் ஓட்டை போட விடல.”

செல்வம் மூக்கை உறிஞ்சினான். “டைப்ரைட்டிங்ல எனக்கு அப்பவே கொஞ்சம் சந்தேகம்” என்றார் அதிகாரி.

பிறகு ஒரிஜினல் என் கடைக்கு முன்னால் வந்து நின்றார். திரையை விலக்கி மெஷினைக் காட்டினார். போர்த்திய புடவையை அவரே எடுத்து மடித்து வைத்தார்.

“இது தையல் கடை. பிளவுஸ் தைக்கும் இந்தப் பொண்ணு. எனக்கு அடுத்த செவுரு. காலைலருந்து மெஷின் சத்தம் கேட்டுக்கினே இருக்கும். அதுபாட்டுக்கு ஓடும், நான்பாட்டுக்கு யாவாரம் பாப்பேன். சத்தம் ரொம்ப நேரம் நின்னுச்சுன்னா ஒடம்புக்கு என்னவோன்னு எட்டிப் பாத்துட்டு வருவேன்.”

நேரம் என்ன என்று கேட்கத்தான் அடிக்கடி எட்டிப் பார்க்கிறார் என்று நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். என் கடையில் ஓடுகிற கடிகாரமே கிடையாது. அது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதிகாரி பழையதை அழித்துவிட்டு ஒவ்வொன்றாக மாற்றினார். கடைசியில் ஒரிஜினலைக் கேட்டார். “உங்க கடை?”

“டிபன் கேரியருங்க.”

“இதுவாவது நிஜமா?”

“மேடம், அவரு ஒரிஜினலு!” என்று கத்தினான் செல்வம். டீச்சரம்மா சிரித்ததில் முகத்துப் பசை பாளம் பாளமாக வெடித்தது.

சாயங்காலம் ஒரிஜினலே ஸ்டூல் போட்டு ஏறி எங்கள் போர்டுகளைக் கழற்றினார். மேலே வாட்ச் படம் போட்ட என் மாமனார் போர்டைக் கழற்றும்போது எனக்கு மனசு கேட்கவில்லை.

“அண்ணே, இது இருந்துட்டுப் போகட்டுமே. ஒரு ஓரமா.”

“வேணாம்மா. யாராச்சும் நின்னுபோன வாட்ச எடுத்துக்கினு எங்கிருந்தோ வருவாங்க. ஏமாந்து போவாங்க இல்ல?”

அதைச் சொன்னவர் யார் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் போர்டைக் கீழே வைக்காமல், தூசியைத் தம் தோள் துண்டால் துடைத்து, குழந்தையை வாங்குவது போல் இரண்டு கையாலும் அணைத்துத் தம் கடைக்கு எடுத்துப் போனார். நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் பரணில் ஏறும்வரை ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவர் முதல் முறையாக ஒரு பையில் தம்முடைய வேட்டிகளை என்னிடம் கொண்டுவந்தார். ஓரம் அடிக்க வேண்டும் என்றார். மத்தியானத்துக்குள் அடித்துக் கொடுத்துவிட்டேன்.